கதவும் காற்றும்: கப்பல் பல்கனியின் கதை

முதன்முதலாகச் சொகுசுக் கப்பலில் போக வெளிக்கிடுகிற எல்லோரும் ஒரு கட்டத்தில் வந்து முட்டிக்கொள்ளும் கேள்வி ஒன்று இருக்கிறது. பல்கனி உள்ள அறையை எடுப்பதா, இல்லாததை எடுப்பதா?

இது எங்களுக்குச் சம்பந்தம் இல்லாத பணக்காரக் கேள்வி என்று ஒரு காலத்தில் தள்ளிவிட்டிருக்கலாம். இப்போது அப்படி இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள், அம்மா அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கென்று கரீபியனுக்கோ நோர்வேக்கோ கப்பலில் கூட்டிக்கொண்டு போகிறார்கள். 2023 ஜூனில் கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் சென்னையில் இருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்தது. சொகுசுக் கப்பல் எங்கட கரைக்கே வந்து நின்றாயிற்று. ஆகவே கேள்வியும் வந்துவிட்டது.

கப்பல் கொம்பனிகள் அறைகளைப் பொதுவாக நாலு வகையாக விற்கின்றன. யன்னலே இல்லாத உள்ளறை. திறக்க முடியாத கண்ணாடி யன்னல் உள்ள அறை. கதவைத் திறந்து வெளியே போய் நிற்கக்கூடிய பல்கனி அறை. அதற்கும் மேலே 'சூட்'. ஒரே கப்பல், ஒரே சாப்பாடு, ஒரே துறைமுகம். ஆனால் உள்ளறைக்கும் பல்கனிக்கும் இடையிலான வித்தியாசம் சில பயணங்களில் அரைவாசிக்கு மேல், சிலவற்றில் இரட்டிப்புக்குக் கிட்டப் போகும். யாழ்ப்பாணத்துப் பழைய தியேட்டர்களில் கலரி, பல்கனி என்று ரிக்கற் வெட்டிய காலத்தை எங்கட அப்பாமார் சொல்லுவினம். படம் ஒண்டுதான். இருந்து பார்க்கிற இடம்தான் வேறை. கப்பலிலும் கடல் ஒண்டுதான்.

அப்படியென்றால் அந்த மேலதிகக் காசு எதற்கு? இரண்டு கதிரையும் ஒரு சின்ன மேசையும் போடக்கூடிய இடத்துக்கா? நாங்கள் வரலாறு படிக்கிற ஆட்கள் என்பதால், விலைப்பட்டியலைப் பார்க்கிறபோது அந்த விலை எங்கே தொடங்கியது என்றுதான் கேட்கத் தோன்றும். அந்தக் கதையைப் பின்னால் போய்ப் பார்த்தால், எடுப்பதா விடுவதா என்ற கேள்விக்கும் ஒரு பதில் கிடைக்கிறது.

காற்றுக்கு அலைந்த காலம்

1842 ஜனவரியில் எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் லிவர்பூலில் இருந்து 'பிரிட்டானியா' என்ற நீராவிக் கப்பலில் அமெரிக்காவுக்குப் போனார். அப்போதே அவர் பேர்பெற்றவர், காசும் உள்ளவர். அப்படியிருந்தும் அவருக்கும் மனைவிக்கும் கிடைத்த அறை, கொண்டுபோன பெட்டிகளையே உள்ளே வைக்க முடியாத அளவுக்குச் சின்னது. தன்னுடைய அமெரிக்கப் பயண நூலை அந்த அறையைக் கிண்டல் அடித்துத்தான் அவர் தொடங்குகிறார். அந்தக் காலத்துக் கப்பலில் அறை என்பது விழாமல் படுப்பதற்கான ஒரு பெட்டி. அதற்குமேல் அதில் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அட்லாண்டிக் குளிர்க்கடல். அங்கே யன்னலைப் பூட்டிவைப்பதுதான் கவலை. கிழக்கே வருகிற கப்பல்களில் கதை தலைகீழ். 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தபிறகு பிரித்தானியாவில் இருந்து இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பயணிகள் கப்பலை விட்டு இறங்காமலே செங்கடலைக் கடந்தார்கள். முதலில் காலித் துறைமுகமும், அலைதாங்கி கட்டிய பிறகு 1880களில் இருந்து கொழும்பும் அந்தப் பாதையின் முக்கிய தரிப்புகள். தேயிலைத் தோட்டத் துரைமார், சிவில் சேவை அதிகாரிகள், பாதிரிமார், இராணுவக்காரர் எல்லோரும் வந்த பாதை இதுதான்.

செங்கடலில் இரும்புக் கப்பல் வெயிலில் காய்ந்து உள்ளே போறணை மாதிரி ஆகிவிடும். குளிரூட்டி கிடையாது. ஒரு வட்ட யன்னல், அதுவும் கடல் கொந்தளித்தால் மூடவேண்டும். அந்த யன்னலுக்குள் வாயகன்ற கரண்டி மாதிரி ஒரு தகட்டைச் சொருகி, ஓடுகிற கப்பலின் காற்றைப் பிடித்து உள்ளே திருப்புவார்கள். பின்காற்று அடிக்கிற நாளில் கப்பல் போகிற வேகமும் காற்றின் வேகமும் ஒன்றாகி உள்ளே ஒரு மூச்சுக்கூட அசையாது. அதனால் இரவில் கட்டில் மெத்தையைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்குப் போய்விடுவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் படுக்கை. முதலாம் வகுப்புக்குக் காசு கட்டிய துரைமாரும் கடைசியில் படுத்தது திறந்த தளத்தில்தான்.

ஆடம்பரத்தைக் குறிக்கும் 'பொஷ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சொல்லப்படும் கதையும் இந்தப் பாதையில் இருந்துதான் வருகிறது. போகேக்க இடப்பக்கம், வரேக்க வலப்பக்கம் என்று பொருள்படுகிற நாலு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளாம் அவை. இந்தியாவை நோக்கிக் கிழக்கே போகும்போது இடப்பக்கம் வடக்கு, அதில் வெயில் குறைவு. திரும்பிவரும்போது வலப்பக்கம் வடக்கு. காசுள்ளவர்களின் ரிக்கற்றில் இந்த நாலெழுத்தைக் குத்திக் கொடுத்தார்களாம். கதை வடிவான கதைதான், ஆனால் அகராதி ஆய்வாளர்கள் தேடியும் அப்படிக் குத்திய ஒரு ரிக்கற்றும் கிடைக்கவில்லை. சொல்லின் பிறப்பைப் பற்றி அந்தக் கதை சொல்வதை நம்பத் தேவையில்லை. ஆனால் அப்படி ஒரு கதை ஒட்டிக்கொண்டது எப்படி என்பதில் விஷயம் இருக்கிறது. கப்பலின் எந்தப் பக்கத்தில் அறை என்பது அந்தப் பாதையில் உண்மையாகவே ஆட்களின் கவலையாக இருந்தது.

இதே வெக்கைக்குக் கப்பல் கட்டுகிறவர்கள் கண்டுபிடித்த ஒரு கெட்டித்தனமான பதிலும் உண்டு. லிவர்பூலில் இருந்து கொழும்புக்கும் ரங்கூனுக்கும் கப்பல் ஓட்டிய பிபி லைன் என்ற கொம்பனி, ஆங்கில 'எல்' எழுத்தின் வடிவில் அறைகளை அமைத்தது. உள்பக்கம் இருக்கிற அறையில் இருந்து ஒரு ஒடுங்கிய ஓடை மாதிரி இடம் வெளிச்சுவர் வரைக்கும் நீளும். அதன் நுனியில் ஒரு வட்ட யன்னல். பக்கத்து அறையின் தோளை உரசிக்கொண்டு போய் உள்ளறைக்காரரும் கொஞ்சம் வெளிச்சத்தையும் காற்றையும் எடுத்துக்கொள்ளலாம். 'பிபி கபின்' என்றே பிறகு அதற்குப் பேர் வந்தது. இன்றைய பல்கனி அறையின் பாட்டன் யார் என்று கேட்டால், எங்களைக் கேட்டால் இதைத்தான் காட்டுவோம். அழகுக்காக வந்ததல்ல இது. மூச்சு விடுவதற்காக வந்தது.

அறையே இல்லாத பயணிகள்

ஆனால் அதே காலத்தில், அதே கடல்களில், யன்னல் பிரச்சினையே இல்லாமல் போன இன்னொரு கூட்டம் இருந்தது. ஏனென்றால் அவர்களுக்கு அறையே கிடையாது.

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கொம்பனியின் 'ரஜூலா'வை எடுத்துக்கொள்வோம். 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம் தொட்டு பினாங்கு, சிங்கப்பூர் வரை ஓடிய கப்பல். தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் பழைய ஆட்களிடம் இன்றைக்கும் இந்தப் பேரைச் சொன்னால் கதை வரும். ரஜூலாவில் அறை உள்ள வகுப்புப் பயணிகள் கொஞ்சப்பேர்தான். தொடக்ககாலத்தில் 5,000க்கும் மேற்பட்ட 'டெக்' பயணிகளை ஏற்றுவதற்கு அதற்கு அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் பாயையும் பெட்டியையும் கொண்டுவந்து, தளத்தில் கிடைக்கிற இடத்தில் விரித்து, அதிலேயே படுத்து, அதிலேயே இருந்து சாப்பிட்டு, ஒரு கிழமையைக் கழிக்கிற ஆள். இறப்பர்த் தோட்டத்துக்குப் போன தொழிலாளர்களும் கடை வைக்கப் போனவர்களும் அப்படித்தான் போனார்கள்.

எங்கட மலையகத்துக்கு வந்தவர்களின் கதையும் இதுதான். தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குக் கப்பல். 1914இல் இருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் இன்னொரு கப்பல். அதற்கு முதல் மண்டபம் முகாமில் தடுத்துவைத்து நோய் பார்ப்பார்கள். சில மணித்தியாலக் கடல்தான். ஆனால் தோட்டத்து ஆட்களுக்கு என்று கபின் போட யாரும் நினைத்ததில்லை.

இவர்களுக்குக் கடற்காற்றுக்குக் குறைவில்லை. மழைக்கும் குறைவில்லை. இன்றைக்குக் கப்பல் கொம்பனியின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிற எல்லாம், அதாவது தடையில்லாத கடல்காட்சி, திறந்த வானம், முகத்தில் அடிக்கிற காற்று, டெக் பயணியின் மலிந்த ரிக்கற்றுக்குள் இலவசமாக இருந்தன. அதை யாரும் சொகுசு என்று சொன்னதில்லை. ஏன்?

அவர்களிடம் காற்று இருந்தது, கதவு இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் உடுப்பு மாற்றவும் வயிற்றைப் பிரட்டும்போது மறைந்து சத்தி எடுக்கவும் ஒரு மறைப்பு இல்லை. மேலே முதலாம் வகுப்பில் செங்கடலைக் கடந்த துரையிடம் கதவு இருந்தது, காற்று இல்லை. கப்பல் பல்கனி என்ற பண்டத்தை விளங்கிக்கொள்ள இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பல்கனி விற்பது கடலை அல்ல. பூட்டக்கூடிய கதவுக்குப் பின்னால் வருகிற காற்றை.

ஒரு சிலருக்கு இருந்தது பலருக்கு வந்த விதம்

இரண்டையும் முதலில் சேர்த்து வாங்கியவர்கள் பெரும் பணக்காரர். 1912இல் மூழ்கிய 'டைட்டானிக்'கில் இரண்டே இரண்டு சூட்களுக்குத்தான் சொந்தமாக உலாவுகிற தளம் இருந்தது. அவற்றில் ஒன்றில் பயணித்தவர் அந்தக் கப்பல் கொம்பனியின் தலைவர் புரூஸ் இஸ்மே. 1935இல் ஓடத் தொடங்கிய பிரெஞ்சுக் கப்பல் 'நோர்மண்டி'யிலும் உச்ச விலைக்குரிய இரண்டு சூட்களுக்குத் தனி மொட்டைமாடி இருந்தது. இரண்டு கப்பலிலும் மற்றப் பயணிகளுக்குக் கடல் என்றால் பொதுத்தளம்தான்.

அதற்குப் பிறகு குளிரூட்டி வந்தது. 1930களில் சில கப்பல்களின் சாப்பாட்டு அறையில் தொடங்கி, 1950, 60களில் கப்பல் முழுக்கப் பரவியது. இது ஒரு பெரிய திருப்பம். யன்னலைத் திறக்கவேண்டிய தேவையே போய்விட்டது. கப்பலின் நடுவில், யன்னல் இல்லாமல், எத்தனை அறையையும் கட்டலாம், ஆட்கள் அவியமாட்டார்கள். இன்று மலிவாக விற்கிற உள்ளறை இப்படித்தான் சகிக்கக்கூடியதாக மாறியது. ஆனால் மனிதருக்கு வெளிச்சமும் வேணும் என்பதைக் கப்பல் வடிவமைப்பவர்கள் மறக்கவில்லை. 1961இல் ஓடத் தொடங்கிய பி அன்ட் ஓ கொம்பனியின் 'கன்பரா'வில் உள்ளறைகளை ஒரு முற்றத்தைச் சுற்றி வைப்பதுபோல அமைத்து, ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் தெரிய வழி செய்தார்கள். பிபி கபினின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

ஆனால் அதற்குள் ஜெட் விமானம் வந்துவிட்டது. 1958இல் அட்லாண்டிக்கைத் தாண்டி ஜெட் பறக்கத் தொடங்கியதும், ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்காகக் கப்பல் ஏறுகிற ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். கப்பல் கொம்பனிகள் பிழைக்க ஒரே வழி, கப்பலையே போகுமிடம் ஆக்குவது. 1970இல் கரீபியனுக்கென்று கட்டப்பட்ட 'சோங் ஒஃப் நோர்வே' போன்ற கப்பல்களில் அறைகள் சின்னஞ்சிறிது. நீச்சல்குளத்தடி பெரிது. அறை படுக்கிறதுக்கு, நாள் முழுக்க எல்லோரும் தளத்தில் கூடி இருக்கவேணும் என்பதுதான் அப்போதைய எண்ணம்.

அந்த எண்ணத்தை மாற்றியது 1984. அந்த ஆண்டு இளவரசி டயானா பேர்சூட்டிய 'ரோயல் பிரின்சஸ்' கப்பலில் 600 அறைகள். 600உம் வெளிப்பக்கம் பார்த்தவை. கனக்க அறைகளுக்குப் பல்கனியும் இருந்தது. இதைச் செய்ய கப்பலின் உள்ளமைப்பையே மாற்றவேண்டி வந்தது. வழமையாக மேலே இருக்கும் சாப்பாட்டு மண்டபம், இருப்பு மண்டபம் எல்லாவற்றையும் கீழே இறக்கி, அறைகளை மேல்தளங்களுக்கு ஏற்றினார்கள். 1995இல் வந்த 'சன் பிரின்சஸ்' 400க்கும் மேற்பட்ட பல்கனிகளோடு வந்து, பல்கனியை நடுத்தர வர்க்கத்துப் பொருள் ஆக்கியது. இன்றைக்குக் கடலில் போகிற புதிய பெரிய கப்பலைப் பக்கவாட்டில் பார்த்தால், கொழும்பு வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடுகளைப் படுக்கவைத்த மாதிரி இருப்பது இதனால்தான்.

காங்கேசன்துறைக்கு வந்த 'எம்பிரஸ்' இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த நேரத்துக் கப்பல். 1990இல் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பேரில் கரீபியனுக்கென்று கட்டப்பட்டது. ஆகவே அதில் பெரும்பாலான அறைகளுக்குப் பல்கனி இல்லை. அதில் போகிறவர்கள் பல்கனியைத் தேடி ஏமாறத் தேவையில்லை. கொம்பனிக்காரன் மறைத்துவைத்திருக்கவில்லை, கப்பலின் வயசு அப்படி.

கடல் இல்லாத பல்கனி

கொம்பனிகளின் பார்வையில் இருந்து பார்த்தால் பல்கனி நல்ல வியாபாரம். ஒரே கட்டிலை, ஒரே சாப்பாட்டை, ஒரு கதவும் கொஞ்ச இடமும் கூடச் சேர்த்துக் கனக்க விலைக்கு விற்கலாம். ஆனால் கப்பலுக்கு இரண்டு பக்கம்தானே இருக்கிறது? கப்பல் அகலமாக அகலமாக நடுவில் இருக்கிற அறைகள் கூடுகின்றன. அதற்கு அவர்கள் கண்ட வழி, கடல் இல்லாமலே யன்னலும் பல்கனியும் கட்டுவது.

1999இல் 'வொயேஜர் ஒஃப் த சீஸ்' கப்பலின் உள்ளறைகள் சிலவற்றுக்குக் கப்பலுக்குள்ளேயே ஓடுகிற கடைத்தெருவைப் பார்க்கும் யன்னல் வைத்தார்கள். 2009இல் 'ஓயாசிஸ் ஒஃப் த சீஸ்' கப்பலையே நடுவில் பிளந்து, உள்ளே மரஞ்செடி வைத்த பூங்கா ஒன்றைப் போட்டு, அதைப் பார்த்தபடி பல்கனிகள் கட்டியது. 2011இல் 'டிஸ்னி ட்ரீம்' கப்பலின் உள்ளறைகளில் வட்ட யன்னல் மாதிரி ஒரு திரை. வெளியே இருக்கிற கமெரா பிடிக்கிற கடல் அதில் ஓடும். பிறகு வேறு கப்பல்களில் சுவர் உயரத்துக்கே அப்படித் திரை வந்தது. செங்கடலில் காற்றுக்கு அலைந்தவர்களை நினைத்தால் இது விசித்திரமாகத்தான் இருக்கிறது. காற்றில் தொடங்கிய தேவை, காற்றே வராத படமாக முடிந்திருக்கிறது. பதிவு செய்யும்போது 'பல்கனி' என்று போட்டிருந்தால் எந்தப் பக்கம் பார்த்த பல்கனி என்று கேட்கவேண்டியது இதனால்தான்.

பல்கனியின் பாதுகாப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. 2006 மார்ச்சில் ஜமெய்க்காவுக்குக் கிட்ட 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் பல்கனி ஒன்றில் தீப்பற்றியது. அணைக்காத சிகரெட் ஒன்று காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. பல்கனிகளுக்கு இடையில் இருந்த பிளாஸ்ரிக் தடுப்புகளும் பிளாஸ்ரிக் கதிரைகளும் பற்றி, தீ அறைக்கு அறை தாவியது. ஒரு பயணி இறந்தார். எரியாத பொருளால்தான் பல்கனி செய்யவேண்டும் என்று சர்வதேச விதி மாறியது அதற்குப் பிறகு. இன்று பல கப்பல்களில் பல்கனியில் புகைக்கத் தடை இருப்பதைச் சும்மா கெடுபிடி என்று நினைக்கத் தேவையில்லை.

2020 பெப்ரவரியில் கதவு, காற்று என்ற பழைய கணக்கு முழு உலகத்துக்கும் முன்னால் திரும்பி வந்தது. ஜப்பானின் யொகோஹாமாவில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் 3,711 பேரோடு தனிமைப்படுத்தப்பட்டது. 700க்கும் அதிகமானோருக்குக் கொரோனா தொற்றியது. பல்கனி அறைக்காரர் கதவைத் திறந்து வெளியில் நின்றார்கள். யன்னல் இல்லாத உள்ளறைக்காரர் முறைவைத்து, கொஞ்ச நேரம் மட்டும், மேல்தளத்தில் நடக்க விடப்பட்டார்கள். இந்த இரண்டு பேரையும் பற்றிச் செய்திகள் நிறைய வந்தன. ஆனால் மூன்றாவதாக ஒரு ஆயிரம் பேர் இருந்தார்கள். சமைத்து, சாப்பாட்டை அறை வாசலில் கொண்டுபோய் வைத்து, திரும்பித் தங்கள் அறைக்குப் போனவர்கள். கப்பல் தொழிலாளரின் அறைகள் பொதுவாக நீர்மட்டத்துக்குக் கிட்டவோ கீழேயோ, யன்னல் இல்லாமல், ஒன்றுக்கு மேற்பட்டவர் பகிர்ந்துகொள்ளும் அறைகள். அவர்களுக்குத் தனிமைப்படுத்தலும் இல்லை, பல்கனியும் இல்லை. காற்றும் கதவும் இரண்டும் இல்லாத வகுப்பு ஒன்று கப்பலில் எப்பவும் இருந்திருக்கிறது. ரஜூலாவின் காலத்தில் அது தளத்தில் படுத்திருந்தது. இப்போது அது எங்களுடைய கட்டிலை விரித்துவிட்டுப் போகிறது.

அப்ப, எடுக்கலாமோ?

முதற் பயணத்துக்குப் பல்கனி கட்டாயம் இல்லை என்பதுதான் எங்களுடைய நிலைப்பாடு. முதற்தரம் போகிற ஆள் கப்பல் முழுக்கச் சுற்றிப் பார்ப்பதிலேயே நாளைக் கழிப்பார். காலையில் ஒரு துறைமுகம், பின்னேரம் இன்னொரு துறைமுகம் என்று போகிற மத்தியதரைக்கடல் மாதிரிப் பயணத்தில் பகலில் அறையில் இருக்கிற நேரமே குறைவு. அந்த வித்தியாசக் காசை மிச்சம் பிடித்தால் இறங்குகிற இடத்தில் உருப்படியாக எதையாவது பார்க்கலாம், அல்லது இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போகலாம். எங்களைக் கேட்டால், ஒரு பல்கனியை விட இன்னொரு ஆள் பெறுமதி.

கடல் ஒத்துக்கொள்ளாது என்ற பயம் உள்ளவர்களுக்கும் இதே பதில்தான். கப்பலின் ஆட்டம் குறைவாகத் தெரிவது நடுவிலும் கீழ்த்தளங்களிலும். பல்கனிகள் பெரும்பாலும் உயரத்தில் இருப்பதால் அங்கே ஆட்டம் கூட. அப்படியானவர்கள் கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில் ஒரு யன்னல் அறை எடுத்தால் போதும்.

ஆனால் சில பயணங்களில் பல்கனி தன்னுடைய காசுக்கு வேலை செய்யும். நோர்வேயின் மலையிடுக்குக் கடல்வழிகளிலும் அலாஸ்காவிலும் பார்க்கவேண்டியது துறைமுகம் அல்ல, போகிற வழி. அங்கே பொஷ் கதை திரும்பி வரும்: வன்கூவரில் இருந்து வடக்கே ஒருவழியாகப் போகும் அலாஸ்காப் பயணத்தில் பெருநிலக் கரை வலப்பக்கம், தெற்கே வரும்போது இடப்பக்கம். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கோ. கோடையில் நோர்வேயின் வடக்கே இரவிலும் சூரியன் மறையாது. நித்திரை குறைந்தவர்களுக்கு இருட்டான உள்ளறைதான் வரம். தொடர்ந்து பல நாள் கரையே காணாமல் போகிற பயணத்துக்கும் பல்கனி உதவும். எதை எடுத்தாலும் கப்பலின் தள வரைபடத்தைப் பாருங்கோ. சில அறைகளுக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கும். கடலுக்குக் காசு கட்டிப் படகின் முதுகைப் பார்க்கவேண்டி வரும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது விலைப்பட்டியலில் வராது. எங்களோடு படிக்கிற தோழி ஒருத்தியின் அம்மம்மா 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் இருந்து காங்கேசன்துறைக்குச் சரக்குக் கப்பலில் வந்தவர். நூற்றுக்கணக்கான சனத்தோடு, உடுத்த உடுப்போடு. அதற்குப் பிறகு அவர் கப்பலில் ஏறியதில்லை. கனடாவில் இருக்கிற மகள் அவரைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போக வேணும் என்று நிற்கிறா. குடும்பத்து வட்ஸ்அப் குழுவில் உள்ளறையா பல்கனியா என்று இரண்டு கிழமை இழுபறி. கிழவி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "கதவைத் துறந்தா காத்து வருமோ? பூட்டினா பூட்டுமோ?"

அந்தக் கேள்விக்கு முன்னால் எங்களுடைய சிக்கனக் கணக்கு நிற்காது. எண்பது வயதுக்குக் கிட்ட, முழங்கால் வருத்தத்தோடு, சனநெரிசலைக் கண்டால் கை நடுங்குகிற ஒரு மனிசிக்கு, பன்னிரண்டு தளம் தாண்டிப்போய்ப் பொதுத்தளத்தில் காற்று வாங்கச் சொல்ல ஏலாது. அவவுக்குப் பல்கனி சொகுசு இல்லை. வயதானவர்கள், நடக்கக் கஷ்டப்படுகிறவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள், அடைத்த அறையில் மூச்சு முட்டுகிறவர்கள் ஆகியோரை வைத்து முடிவெடுக்கும்போது, காசு கொஞ்சம் கூடினாலும் பல்கனியையே எடுக்கச் சொல்லுவோம். பிபி லைன்காரன் அந்த ஒடுங்கிய ஓடையைக் கட்டியதும் இந்தத் தேவைக்குத்தான்.

மற்ற எங்களுக்கு, கால் பலம் இருக்கிற ஆட்களுக்கு, பொதுத்தளம் இருக்கிறது. புதிய கப்பல்கள் அதை வருசாவருசம் சுருக்கிக்கொண்டு வருகின்றன. ஒரு பகுதியைச் சூட் எடுத்தவர்களுக்கு மட்டும் என்று கயிறு கட்டிவிடுகிற கப்பல்களும் உண்டு. அதனால் பதிவு செய்ய முதல் பல்கனியின் விலையை மட்டும் பார்க்காமல், கப்பலைச் சுற்றி நடக்கக்கூடிய திறந்த தளம் இருக்கிறதா, அது எல்லோருக்கும் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கோ. அப்படி ஒரு தளம் உள்ள கப்பல் என்றால் உள்ளறையைத் துணிந்து எடுக்கலாம். விடியக்காலை ஐந்தரைக்கு எழும்பி மேலே போனால் சனம் இருக்காது. தளத்தைக் கழுவிக்கொண்டிருக்கிற தொழிலாளர் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். அவர்களுக்கும் அன்றைக்குக் கடலைப் பார்க்கக் கிடைக்கிற நேரம் அனேகமாக அதுதான். ஒரு காலை வணக்கம் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று பாருங்கோ.